எட்டாம் நம்பர் குப்பி

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செல்லக்கனியையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் பேசினார்கள். அது அபாண்டம். அவள் முயலைத் திருப்பிப் போட்டு, காலை எண்ணி, நாலு என்றால் நாலு என்பாள். அந்த நாலை மூன்று என்று சொல்லச் சொன்னால் மட்டும் அவளுக்கு வாய் வராது. அந்த வாய் வராத குணத்தால் அவள் ஒரு வேலையை இழந்தாள். இன்னொன்றையும் இழக்கிற இடத்துக்கு வந்து நின்றாள். இங்கே சொல்ல வந்தது அந்த இரண்டாவது வேலையைப் பற்றி. ஆனால் முதல் வேலை இல்லாமல் இரண்டாவது விளங்காது.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்திலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, 1999-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தாள். டிவிப் பெட்டிக்குள் வைக்கிற போர்டு செய்யும் கம்பெனி. அவளுக்குக் கொடுத்தது பார்க்கிற வேலை. எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு, மைக்ரோஸ்கோப்பில் குனிந்து ஒவ்வொரு ஈயப்பொட்டும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லதுக்குப் பச்சை ஸ்டிக்கர், கெட்டதுக்குச் சிவப்பு. ட்ரேயில் நம்பர் மட்டும்தான் இருக்கும். யார் செய்தது என்று பார்க்கிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தடுமாறும். சிநேகிதி செய்ததில் குறையே தெரியாது, ஆகாதவள் செய்ததில் குறையைத் தவிர வேறெதுவும் தெரியாது. இதைக் கம்பெனிக்காரர்கள் எங்கிருந்தோ கற்று வந்து சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள், செல்லக்கனி மறக்கவில்லை.

மூன்றாம் வருஷம், லாரி வாசலில் நிற்கிற ஒரு நாள், சூப்பர்வைசர் நாற்பது போர்டைக் கொண்டுவந்து சிவப்பை உரித்துவிட்டுப் பச்சையை ஒட்டச் சொன்னார். அவள் ட்ரேயைத் தூக்கி அவர் மேஜையிலேயே வைத்தாள்.

"ஒட்டணும்னா நீங்களே ஒட்டிக்கிடுங்க சார். என் கையால ஒட்ட மாட்டேன்."

அவரே ஒட்டினார். லாரி போயிற்று. அடுத்த மாதம் அவளுடைய காண்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அந்த நாற்பதில் எத்தனை புகைந்தது என்று யாரும் அவளிடம் வந்து சொல்லவும் இல்லை.

அப்போது ஒரகடம் சாலையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருந்தது. பெயர் எதற்கு, கட்டடம் பெரிது, அது போதும். சுற்றுவட்டாரத்தில் பிரஸ் மெஷின்கள் பெருகப் பெருக, அங்கே விரல்கள் வர ஆரம்பித்தன. மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டில் சுற்றி, கூல்டிரிங்ஸ் கடை ஐஸைப் பாலிதீன் பையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் கொண்டு வருவார்கள். அறுந்த விரலை ஒட்ட வேண்டும் என்றால் எலும்பைச் சேர்த்தால் மட்டும் போதாது. உள்ளே ஓடுகிற ரத்தக்குழாயைச் சேர்க்க வேண்டும். அது ஒரு மில்லிமீட்டர் தடிமன். தைக்கிற நூல் தலைமுடியைவிட மெல்லியது, மேஜையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி தைக்க இளம் டாக்டர்களைப் பழக்க, கல்லூரி ஒரு பயிற்சிக் கூடம் வைத்தது. பழகுவது எதில் என்கிறீர்கள்? பிராய்லர் கோழித் தொடையில். அதற்குள்ளேயும் விரலில் இருப்பது மாதிரியே ஒரு குழாய் ஓடுகிறது.

கூடத்தை நடத்திய சிஸ்டர் லூர்தம்மாளுக்கு மைக்ரோஸ்கோப்பைக் கையாளத் தெரிந்த ஒரு பெண் வேண்டியிருந்தது. இதற்கு முன் இருந்த மூன்று பேரும் லென்ஸை முந்தானையால் துடைத்தவர்கள். செல்லக்கனி நேர்முகத்துக்கு வந்து, உட்காரும் முன்பே, "லென்ஸ் பேப்பர் எங்க சிஸ்டர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

தினமும் சேரப்பணஞ்சேரியில் குடியிருந்த அறையிலிருந்து வருவாள். கோழித் தொடை வாங்குவாள், துண்டு போடாமல் முழுசாக. கருவிகளை எடுத்து வைப்பாள், முடிந்ததும் கழுவுவாள், மிச்சத்தை வாளியில் கொட்டுவாள். கல்லூரி நாய்கள் அந்த வருஷம் கன்றுக்குட்டி மாதிரி கொழுத்தன.

கூடத்துக்குத் தலைவர் டாக்டர் வனமாமலை. கை அறுவை சிகிச்சையில் இருபது வருஷம் ஊறியவர். நல்ல மனிதர், கெட்ட கோபக்காரர். பயிற்சி டாக்டர் தைத்து முடித்ததும் அவர் வந்து குனிந்து பார்ப்பார். எட்டுத் தையலும் சம இடைவெளியில் இருக்கிறதா, முடிச்சு அழகா என்று பார்ப்பார். பிறகு ஊசியால் நீலத் தண்ணீரை ஒரு முனையில் செலுத்துவார். மறுமுனையில் வந்தால், கசியாமல் இருந்தால், முதுகில் ஒரு தட்டு. மூன்று முறை தட்டு வாங்கினால் கேஷுவாலிட்டி ட்யூட்டி போடுகிற ரோஸ்டரில் பெயர் ஏறும், நிஜ விரலில் கை வைக்கலாம்.

2004-ல் ஆறு பேர் பழகினார்கள். அதில் டாக்டர் லோகேஷின் கை வேகத்தைப் பார்த்து வனமாமலையே சொக்கிப் போவார். டாக்டர் ஐஸ்வர்யா என்று ஒரு பெண் இருந்தாள். மெதுவாகத் தைப்பாள், ஒரு தையலுக்கு மூன்று முறை பெருமூச்சு விடுவாள். அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு மத்தியானம், வாளியில் கொட்டப் போனபோது, செல்லக்கனிக்கு ஒரு நமைச்சல். பழைய தொழில் சும்மா விடுமா? லோகேஷ் தைத்து, தட்டு வாங்கிய குழாயை எடுத்து, ஸ்கோப்புக்கு அடியில் வைத்து, நுண்கத்தரியால் நீளவாக்கில் அறுத்து விரித்தாள். உள்ளே ஒரு நூல் குறுக்கே கிடந்தது. ஊசி முன்சுவரோடு நிற்காமல் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துத் தைத்திருந்தது. பாவாடையில் நாடா கோர்க்கிற மடிப்பை நடுவில் சேர்த்து அடித்துவிட்டால் நாடா எப்படிப் போகும்? அதே கதைதான். வெளியிலிருந்து பார்த்தால் தையல் என்னவோ கண்ணைப் பறித்தது.

அன்றிலிருந்து ஆறு வாரம், யாரையும் கேட்காமல், வாளிக்குப் போகிற ஒவ்வொரு குழாயையும் அறுத்தாள். ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினாள். தட்டு வாங்கிய குழாய்களில் பாதிக்குமேல் உள்ளே ஏதோ ஒரு வில்லங்கம். அந்த ஆறு வாரத்தில் வார்டில் ஒட்டிய விரல்களில் இரண்டு கறுத்துப் போயின. "பீடி குடிச்சிருப்பான்" என்றார் வனமாமலை. பீடி குடித்தால் கறுக்கும், அது பொய்யில்லை. அதற்காக எல்லாப் பழியையும் பீடியின் தலையிலேயே போட்டுவிட முடியுமா?

நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார். லோகேஷ் சிரிக்கவில்லை. அடுத்த திங்கள் ரோஸ்டரில் அவன் பெயர் ஏற இருந்தது. நோட்டில் அவன் பெயருக்கு நேரே நாலு சிவப்பு.

"மேடம் எந்த மெடிக்கல் காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்டான்.

"நான் எந்தக் காலேஜும் படிக்கல சார். குழாய் அடைச்சிருக்கா தொறந்திருக்கான்னு பாக்கக் காலேஜ் எதுக்கு?"

"சார் கலர் தண்ணி விட்டாரே, போச்சே!"

"ஊசியால அமுக்கித் தள்ளுனா போகத்தான் செய்யும். ரத்தம் தண்ணி இல்லையே சார். குறுக்க ஒண்ணு கிடந்தா அதப் புடிச்சிக்கிட்டு அங்கேயே உறைஞ்சிரும்."

வனமாமலையின் சிரிப்பு நின்றது. கோபம் வரும்போது அவர் குரல் தணியும், அதுதான் ஆபத்து.

"சரி. வெள்ளிக்கிழமை ஆறு பேரும் ஆளுக்கு ரெண்டு தைக்கட்டும். நான் மார்க் போடறேன், நீயும் போடு. உன்னோடது தப்புன்னு ஆச்சுன்னா இந்த நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கருவி கழுவுற வேலையை மட்டும் பாக்கணும். லோகேஷ் திங்கட்கிழமை ரோஸ்டர்ல இருப்பான். சம்மதமா?"

"சம்மதம் சார். ஒண்ணே ஒண்ணு. யாரு தச்சதுன்னு எனக்குத் தெரியப்படாது. காலிக் குப்பியில போட்டு, நம்பர் மட்டும் ஒட்டிக் குடுங்க. பேரு லிஸ்ட்டு சிஸ்டர் கையில கவர்ல இருக்கட்டும்."

"பெரிய யுனிவர்சிட்டிதான்" என்றார் அவர். ஆனால் ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கார அம்மா கனகத்திடம் விஷயத்தைச் சொன்னாள். கனகம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாமே நீ, டாக்டருங்களாண்ட போயி மல்லுக்கு நிக்கிற? அவுங்கோ படிச்சவுங்கோ. எவன் எப்டி தச்சா உனுக்கு இன்னா வந்துச்சி? கம்முனு வேலையப் பாத்துக்கினு இரு."

"அக்கா, நாகப்பன் அண்ணன் பிரஸ்லதான நிக்காரு?"

நாகப்பன் கனகத்தின் புருஷன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷமாகத் தகடு அடிக்கிறவர்.

"ஆமா, அதுக்கின்னா இப்போ?"

"அவரு வெரலு மெஷின்ல மாட்டுனா, எவன் எப்படித் தச்சாலும் உங்களுக்கு ஒண்ணுமில்லையாக்கா?"

"தூ! வாயக் கழுவுமே! வெளக்கு வெக்கிற நேரத்துல பேசுற பேச்சப் பாரு!"

கனகம் முறத்தை எடுத்துக்கொண்டு விருட்டென்று உள்ளே போய்விட்டாள். சோறு கொதிக்கிற நேரம் கழித்து மறுபடி வாசலுக்கு வந்து நின்றாள். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

"நல்லா பாத்துப் போடுமே, மார்க்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லூர்தம்மாள் குப்பிகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார். செல்லக்கனி வழக்கப்படி எண்ணினாள். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு, பன்னிரண்டு இருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தன.

"ஒண்ணு கூட இருக்கே சிஸ்டர்?"

லூர்தம்மாள் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "எண்ணாத. பாரு" என்றார்.

பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அறுத்து, விரித்து, கார்க்கில் குண்டூசியால் குத்தி, உள்ளே பார்த்து, நம்பருக்கு நேரே எழுதிக்கொண்டே போனாள். மூன்றாம் நம்பர் வெளியே பார்க்கச் சுமார், உள்ளே எட்டுத் தையலும் சுத்தம், வழி திறந்திருந்தது. ஐந்தாம் நம்பர் வெளியே ராஜா வீட்டுக் கல்யாணம், உள்ளே அடைப்பு. எட்டாம் நம்பரை எடுத்து ஸ்கோப்பில் வைத்ததும் கை நின்றது.

அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். நூல் முனைகள் அளந்து வெட்டியதுபோல ஒரே நீளம், ஒவ்வொரு முடிச்சும் இம்மியளவு இடதுபக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு வருஷமாக வகுப்பில் செய்து காட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்த கை அது. சோதனையைச் சோதிக்க வனமாமலை தன் குழாயையே உள்ளே நுழைத்திருக்கிறார். இவள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சிவப்புப் போடுகிறாள் என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம்.

அறுத்தாள். ஏழு தையல் பிரமாதம். ஐந்தாவது மட்டும் பின்சுவரைப் பிடித்திருந்தது.

பொய் சொல்வானேன், அவளுக்குப் பயம்தான். எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். 'பாஸ்' என்று எழுதினால் முடிந்தது. குழாய் வாளிக்குப் போகும், வாளி நாய்க்குப் போகும், ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் மனசு குளிர்ந்து போகும், தன் நோட்டையும் மெச்சிக்கொள்வார், மற்றவர்களுக்குப் போட்ட சிவப்பெல்லாம் அப்படியே நிற்கும். நல்லதுக்காக ஒரு சின்னப் பொய். யாருக்கும் ஆசை வரும். அவளுக்கும் வந்தது.

பிறகு கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, தன் கண் மேல். யாருடையது என்று தெரிந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்தோமே என்று வந்த கோபம். லோகேஷின் குழாய் என்றால் எழுந்திருப்பாளா? திரும்ப வந்து உட்கார்ந்து, இன்னொரு முறை பார்த்து, எட்டுக்கு நேரே சிவப்பு மையில் 'ரிஜெக்ட்' என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. அதைத் திருத்தவில்லை.

நாலு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். வனமாமலை தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தன் முடிவைச் சொன்னாள். சில பொருந்தின, பல பொருந்தவில்லை. ஏழு வரை அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"எட்டு?"

"ரிஜெக்ட் சார்."

"சரியாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன் சார்."

"இன்னொரு தடவை பார்."

அவள் அசையவில்லை. "நீங்க வந்து பாருங்க சார். நான் எத்தன தடவ பாத்தாலும் அது மாறாது."

மிச்ச நம்பர்களும் முடிந்தன. லூர்தம்மாள் கவரைப் பிரித்துப் பெயர்களைப் படித்தார். மூன்றும் பதினொன்றும் ஐஸ்வர்யா, இரண்டும் பாஸ். ஐந்து லோகேஷ், ரிஜெக்ட். எட்டு வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எட்டு... நம்ம சார்."

லோகேஷ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். மாட்டினாள் என்ற சந்தோஷம்.

வனமாமலையின் குரல் அடியோடு தணிந்தது. "இருபது வருஷமாத் தைக்கிறேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். இருபது வருஷமா ஒருத்தரும் அறுத்துப் பாக்கலையே."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. ஸ்கோப்பின் முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "மத்த ஏழு தையல் மாதிரி இந்த ஊர்ல யாரும் தைக்க முடியாது சார். அஞ்சாவதப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். குழாயைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. அவர் நினைவில் எத்தனை விரல்கள் வந்து போயினவோ, யார் கண்டது. செல்லக்கனிக்கு அந்த நிமிஷம் அவர் மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தாளில் இருந்த எழுத்தை மாற்றத் தோன்றவில்லை.

அவர் எழுந்து சுவரில் தொங்கிய ரோஸ்டருக்குப் போய், திங்கட்கிழமைக்கு நேரே இருந்த பெயரை அடித்தார்.

"சார், என்ன சார் இது, இந்தப் பொண்ணு சொல்றான்னு..." என்று லோகேஷ் முன்னால் வந்தான்.

"எனக்கே இடமில்லை. உனக்கு எங்கேர்ந்து இடம்?" என்று சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

சனிக்கிழமை காலையில் ஒரகடத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. எலும்பைச் சேர்த்தது வனமாமலை, குழாயைத் தைத்தது ஐஸ்வர்யா. ஒரு தையலுக்கு மூன்று பெருமூச்சு விட்டுத் தைத்தாளாம், அவர் பக்கத்தில் நின்று வாயே திறக்கவில்லையாம். லூர்தம்மாள் சொன்னார். விரல் சிவந்துதான் இருக்கிறது என்றும் சொன்னார். செல்லக்கனியின் வேலை என்ன ஆகும் என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு முழுக்க அவள் துணியைத் துவைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கினாள். கனகம் பார்த்துவிட்டு மீன்குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் போனபோது கூடத்தின் பூட்டு திறந்திருந்தது. உள்ளே வனமாமலை ஸ்கோப்பில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு கோழித் தொடை, கடையில் அவரே நின்று வாங்கியது போலிருந்தது. தொடையை முழுசாகக் கேட்டு வாங்கத் தெரியாமல் நடுவில் துண்டு போட்டு வாங்கி வந்து, மேல் பாதியை வைத்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, ஒரு குப்பியை அவள் கையில் கொடுத்தார்.

"இப்பத்தான் தச்சேன். அறுத்துப் பாத்துச் சொல்லு."

அவள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நம்பர் இல்லையே சார்."

"நம்பர் எதுக்கு? என்னோடதுன்னு நானே சொல்றேனே."

"அதனாலதான் சார் பாக்க முடியாது" என்று குப்பியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "சிஸ்டர் வந்ததும் குடுங்க. வெள்ளிக்கிழமை மாதிரியே மத்தவங்க குப்பியோட சேத்து நம்பர் ஒட்டி அனுப்புவாங்க. பாக்கேன்."

அவர் முகம் சிவந்தது. குப்பியை டக்கென்று மேஜையில் வைத்தார். அவள் கீழே பார்க்கவில்லை, நகரவும் இல்லை. அவளுக்குத் தெரியும், இந்த நிமிஷத்தில் வேலை போனாலும் போகும்.

மத்தியானம், எல்லோரும் தைத்து முடித்ததும், லூர்தம்மாள் நம்பர் ஸ்டிக்கர் கட்டோடு தன் மேஜையில் உட்கார்ந்தார். பயிற்சி டாக்டர்கள் அன்றைய குழாய்களோடு ஒவ்வொருவராக அங்கே வந்து நின்றார்கள். கடைசியாக நின்றது லோகேஷ். டாக்டர் வனமாமலை குப்பியை எடுத்துக்கொண்டு போய், அவனுக்குப் பின்னால் நின்றார்.